பழைய டீசல் என்ஜின் ஒன்றை ரெங்கத்துக்குக் கேட்டால் என்ன?

#1 லயத்துப்பையன்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில், ஜொகூரின் ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் இல்லை. எல்லாம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. வேலை பாசிர் கூடாங்கில். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். தண்டவாளத்துக்கு மேலே மின்கம்பி. கேமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை 192 கிலோமீட்டர், இரட்டைப் பாதை. குளுவாங் வரை 2025 ஆகஸ்டிலேயே இ.டி.எஸ். என்ற மின்ரயில் வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் வருகிறது, போகிறது.

எங்கள் லயத்தில் கடிகாரம் இருந்தது, ஓடாது. விடியற்காலையில் சிங்கப்பூருக்குப் போகிற இரவு மெயில் ரயில் ஹாரன் அடித்தால் அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவார். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, நேரமாகிவிட்டது என்று அர்த்தம். மெயில் லேட்டானால் தோட்டத்தில் பாதிப் பேர் பெரட்டுக்கு லேட். மேற்பார்வை பார்க்கும் மண்டோர் திட்டுவார், "நீ கே.டி.எம்.மிலா வேலை செய்கிறாய்?" என்று. கே.டி.எம். என்றால் மலேசிய ரயில்வே.

அந்த மெயிலை இழுத்தது 22 கிளாஸ் டீசல் என்ஜின் என்று அப்புறம்தான் தெரிந்தது. இங்கிலீஷ் எலக்ட்ரிக் செய்தது, 1971இலிருந்து மொத்தம் 40 வந்ததாம். அவையெல்லாம் எங்கே போயின? தெற்கே ஒரு யார்டில் கண்ணாடி இல்லாமல், முகத்தில் கொடி படர்ந்து ஒன்று நின்றதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

என் கேள்வி இதுதான். அப்படி ஒன்றைக் கேட்டு வாங்கி ரெங்கம் பசார் பக்கம் நிறுத்த முடியாதா? யாருக்காவது விவரம் தெரியுமா?

#2 கோப்பிக்கடை

கொண்டுவந்து நிறுத்துங்கள் லா. குளுவாங் ஸ்டேஷனில் 1938இலிருந்து கோப்பி விற்கிறார்கள், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை உட்கார இடம் கிடைக்காது. ரயில் பார்க்கவா வருகிறார்கள்? ரொட்டி சாப்பிட வருகிறார்கள். பக்கத்தில் ஒரு என்ஜின் நின்றால் செல்ஃபிக்கு இன்னும் நாலு கார் வரும். கடைக்காரன் கணக்கு இது, தப்பாக எடுக்காதீர்கள்.

#3 சாவிவளையம்

தம்பி, நான் லோக்கோவில் 31 வருஷம் இருந்தவன். முதலில் இரண்டாவது ஆளாக, அப்புறம் டிரைவராக. விவரம் கேட்டாய், சொல்கிறேன்.

டீசல் இங்கே 22இல் ஆரம்பிக்கவில்லை. 1948இல் 15 கிளாஸ் வந்தது, அது யார்டில் பெட்டி தள்ளுகிற சின்ன என்ஜின். மெயின் லைனுக்கு முதலில் வந்தது 20 கிளாஸ், 1957இல், மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம். 26 என்ஜின், 1500 குதிரைத்திறன், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். நீராவியை வீட்டுக்கு அனுப்பியது அவைதான். 1965இல் ஜப்பானிலிருந்து கிஷா கம்பெனி கட்டிய 21 கிளாஸ், அது ஹைட்ராலிக். அப்புறம் நீ சொன்ன 22. அதற்குப் பிறகு 1983இல் ஹிட்டாச்சியின் 23, பதினைந்து. 1987இல் 24, இருபத்தாறு. அதுவும் ஜப்பான்தான்.

"எங்கே போயின" என்றாய். என்ஜின் ஒரே நாளில் சாகாது. எக்ஸ்பிரஸிலிருந்து முதலில் கூட்ஸுக்கு இறக்குவார்கள். அப்புறம் கல் வண்டிக்கு. அப்புறம் யார்டில் பெட்டி தள்ள. ஒரு நாள் ஏதோ ஒன்று உடையும், அந்தச் சாமான் ஸ்டோரில் இருக்காது, செய்த கம்பெனியும் இருக்காது. பக்கத்து லைனில் தள்ளி நிறுத்திவிடுவார்கள். "தற்காலிகம்" என்று சாக்பீஸில் எழுதுவார்கள். மறுவாரம் இன்னொரு என்ஜினுக்குப் பிரேக் வால்வு வேண்டும். இதிலிருந்து கழற்றுவார்கள். அடுத்து டர்போ. அடுத்து சக்கரத்தைச் சுழற்றுகிற டிராக்ஷன் மோட்டார் ஒன்று. கடைசியில் டிரைவர் சீட்டும் போகும், அதைக் கழற்றியது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வேறொன்றும் கேட்காதே.

நீ பஸ்ஸிலிருந்து பார்த்தாயே, அது என்ஜின் இல்லை. என்ஜினின் தோல்.

#4 பெசிபுருக்

ஐயா சொன்னதற்குப் பிறகு நடப்பதை நான் சொல்கிறேன். எங்கள் குடும்பத் தொழில் பழைய இரும்பு. பெயரே சொல்கிறதே, மலாயில் பெசி புருக் என்றால் அதுதான்.

டெண்டரில் ஒன்று ஒன்றாக விற்பது குறைவு. மொத்தமாகக் கட்டி விடுவார்கள். இரண்டு என்ஜின், பத்துப் பெட்டி, பழைய தண்டவாளம் இத்தனை டன் என்று. எடுத்தவன் அங்கேயே வெட்டி அள்ளவேண்டும், குறிப்பிட்ட நாளுக்குள் இடத்தைக் காலி செய்யவேண்டும். ஆறு அச்சு உள்ள மெயின் லைன் என்ஜின் தொண்ணூறு டன் பக்கம் வரும். அதை முழுசாகத் தூக்கி லாரியில் ஏற்ற யாருக்குப் பைத்தியம்?

முதலில் செம்பு. ஜெனரேட்டரிலும் டிராக்ஷன் மோட்டாரிலும் இருப்பதுதான் லாபம், மற்றதெல்லாம் கூலிக்குச் சரியாகப் போகும். சில என்ஜினில் செம்பு நமக்கு முன்னாலேயே இரவில் நடந்து போயிருக்கும். அப்புறம் எண்ணெய். டேங்க் காலி என்று தாளில் இருக்கும், காஸ் டார்ச் வைத்தால் கருப்பாக ஒழுகும். பழைய பிரிட்டிஷ் மெஷின் என்றால் குழாயைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒன்று இருக்கும். அது அஸ்பெஸ்டாஸ். என் அப்பா காலத்தில் அதைக் கையால் பிய்த்து எறிந்தார்கள். இப்போது முறை வேறு, செலவும் வேறு.

லயத்துப்பையன், கோபிக்காதீர்கள். எனக்கு அது இரும்புதான். இரும்பு உருகும், வேறொன்றாகும். உங்கள் வீட்டுக் கேட்டில் கொஞ்சம் 20 கிளாஸ் இருக்கலாம்.

#5 டீச்சர்அக்கா

நான் இந்தப் பக்கத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் இருபது வருஷம் பாடம் நடத்தியவள். கேட்பது நல்ல ஆசைதான். ஒரே ஒரு கேள்வி. பத்தாவது வருஷம் அதற்கு யார் பெயிண்ட் அடிப்பது?

ஊர் பெயர் வேண்டாம். ஒரு சின்ன டவுனில், மைதானத்து ஓரம், பழைய ரோடு ரோலர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். திறப்பு விழாவில் பந்தல், மாலை, கேக் எல்லாம் உண்டு. நான்காம் வருஷம் அதன் புகைக்குழாய்க்குள் குளவி கூடு கட்டியது. என் மாணவன் ஒருவன் ஏறி விளையாடி, கண் இமை வீங்கி இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. நான் மூன்று கடிதம் எழுதினேன். முதல் அலுவலகம் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது முதலைக் காட்டியது. கடைசியில் சுற்றி ஒரு வேலி போட்டார்கள். இப்போது வேலியும் துரு.

#6 சாவிவளையம்

டீச்சர் கேட்டது சரியான கேள்வி. குளவி வந்த அதே ஓட்டையில்தான் என்ஜினும் சாகிறது. விளக்குகிறேன்.

டீசல் என்ஜினின் கூரையில் புகை போகிற வாய் இருக்கும். ஓடுகிற காலத்தில் சூட்டில் மழை உள்ளே நிற்காது. நிறுத்தி வைத்தால் மழை நேராக டர்போவுக்குள் இறங்கும், அங்கிருந்து சிலிண்டர். நம் ஊர் மழை சும்மாவா? ஒரே ஒரு மழைக்காலம் போதும், பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். ஒரு எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி அந்த வாயை மூடினால் பத்து வருஷம் பிழைக்கும். ஒரு தகடு! அதைச் செய்யாமல் விட்டு வீணான என்ஜின்களை நானே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பேட்டரி பெட்டி. ஆசிட் ஒழுகி அடிச்சட்டத்தைத் தின்னும், வெளியே தெரியாது. ரேடியேட்டர் தண்ணீரை வடிக்கவேண்டும். கேபின் தரை இரண்டு தகட்டுக்கு நடுவில் ஈரம் பிடிக்கும், மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கால் வைத்தால் உள்ளே போகும்.

ஆகவே, நிறுத்துவதென்றால் முதலில் கூரை. கூரை போட முடியாதவன் என்ஜின் கேட்கக்கூடாது.

#7 உட்லண்ட்ஸ்வாசி

சிங்கப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது, ஜொகூர் சுல்தான் ஓட்டினார். அன்றைக்கு வரை புக்கிட் திமா ஸ்டேஷனில் சாவி வளையம் மாற்றுகிற பழக்கம் இருந்தது. டிரைவர் கை நீட்டி ஒரு வளையத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவார், அடுத்த ஒற்றைப் பாதையில் போக அதுதான் அனுமதி. (மூன்றாம் பதிவுக்காரர் பெயரைப் பார்த்ததும் இதுதான் ஞாபகம் வந்தது.)

இன்று அங்கே ஸ்டேஷன் கட்டடம் இருக்கிறது, இரும்புப் பாலங்கள் இருக்கின்றன, பாதை முழுக்க மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். இடத்தைக் காப்பாற்றினார்கள். சத்தத்தைக் காப்பாற்றவில்லை. என் பையன் கேட்கிறான், "அப்பா, இங்கே ரயில் எப்படி இருந்தது?" வாயால் ஹாரன் அடித்துக் காட்டினேன். சிரிக்கிறான்.

#8 பொன்மலைமாப்பிள்ளை

நான் திருச்சிக்காரன், குளுவாங்கில் பெண் எடுத்தவன். எல்லாம் வெட்டித்தான் தீரவேண்டும் என்று இல்லை. இந்தியாவில் 1992இல் எல்லாப் பாதையையும் அகலப்பாதை ஆக்குவது என்று ஆரம்பித்தார்கள். ஒரு மீட்டர் அகலப் பாதையில் ஓடும் மீட்டர் கேஜ் டீசல் என்ஜின்கள், ஒய்.டி.எம்.4 என்று பெயர், கையில் மிஞ்சின. மலேசியாவும் மீட்டர் கேஜ்தானே? கே.டி.எம். அவற்றில் சிலவற்றை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. என் மாமனார் முதல் தடவை பார்த்தபோது, "இது என்ன, நம் ஊர் மூஞ்சி மாதிரி இருக்கிறதே" என்றாராம்.

எங்கள் பொன்மலைப் பட்டறை இந்த வகை என்ஜின்களைப் புதுப்பித்து வெளிநாடுகளுக்கு அனுப்பிய இடம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவில் மலை ரயிலை இழுப்பதும் ஒய்.டி.எம்.4தான். அதாவது பழைய என்ஜினுக்கு நல்ல முடிவு மியூசியம் இல்லை, இன்னொரு வேலை. அதே அகலத்தில் பாதை உள்ள ஊர் ஒன்று, அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த நாலு ஆள்.

#9 சாவிவளையம்

மாப்பிள்ளை, அந்த ஒய்.டி.எம்.மை நானும் ஓட்டியிருக்கிறேன். அது ஆல்கோ வகை என்ஜின், அந்தப் புகை! கிளம்பும்போது ஸ்டேஷனில் வெள்ளைச் சட்டை போட்டு நிற்கக்கூடாது.

நீங்கள் சொன்ன "மாட்டத் தெரிந்த நாலு ஆள்" இங்கே கோலாலம்பூர் செந்தூல் பட்டறையில் இருந்தார்கள். நாலு இல்லை, ஆயிரக்கணக்கில். பாதிக்கு மேல் நம் ஆட்கள் என்று கணக்கில்லாமல் சொல்வேன், மதியச் சங்கு ஊதினால் தெருவில் கேட்கும் பாஷையை வைத்து. பட்டறை வேலை பேராவில் பத்து காஜா என்ற ஊருக்குப் போனது, செந்தூலில் இப்போது பூங்காவும் நாடக அரங்கும். 22க்குத் தாங்கி ஒன்று கிடைக்காவிட்டால் கடைசல் பிடித்தே செய்துகொடுத்த ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற நாளில்தான் பல என்ஜினுக்கும் ஓய்வு. தாளில் தேதி பின்னால் போட்டார்கள், அவ்வளவுதான்.

#10 பாலுமரம்

எல்லாரும் பேசி முடித்தீர்களா? நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப்போகிறேன்.

யாருடைய என்ஜின் அது? தோட்டத்துக்காரனுக்கு அது சத்தம், அவ்வளவே. எக்ஸ்பிரஸில் ஏறிப் போக நம் தாத்தாவிடம் காசு இருந்ததா? ஜொகூர் வழியாகப் பாதை 1909இல் முடிந்தது. காடு வெட்டி, மண் போட்டு, கட்டை சுமந்தவர்களில் நம்மவர் எத்தனை பேர். பிறகு தண்டவாளம் பராமரிக்கிற கேங்கில் சுத்தியல் தூக்கியதும் நாம். ஜப்பான்காரன் வந்து கிழக்குக்கரைப் பாதையின் தண்டவாளத்தையே பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனான். பர்மாவுக்கு ரயில் பாதை போட, தண்டவாளத்தோடு தோட்டத்து ஆட்களையும் கொண்டுபோனான். என் பாட்டியின் அண்ணன் போனார். தண்டவாளமாவது போருக்குப் பிறகு புதிதாக வந்தது.

இப்போது பசாரில் நிறுத்த ஒரு என்ஜின் வேண்டுமாம், 1971இல் வந்தது! நம் கதை அந்த என்ஜினுக்குள்ளே இல்லை, அது ஓடிய கல்லுக்குக் கீழே கிடக்கிறது.

தோட்டத்து ரயில் என்று ஒன்று இருந்ததே, அதைக் கேட்டிருந்தால் நான் முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பேன். குறுகிய பாதை, சின்ன டீசல், பின்னால் குலை ஏற்றிய தொட்டிகள். பேராவில் ஜெண்டராட்டா தோட்டத்தில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் இன்றும் அப்படித்தான் செம்பனைக் குலை ஏற்றுகிறது. அதை ஓட்டியவன் நம் ஆள், ஏற்றியவள் நம் ஆள். ஒருவன் தோளில் சாய்த்துத் தடம் மாற்றிவிடக்கூடிய எடை. அது ரெங்கத்தில் நிற்கட்டும்.

#11 லயத்துப்பையன்

பாலுமரம் அண்ணே, அடி பலமாகத்தான் விழுந்தது. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி இது. "சத்தம், அவ்வளவே" என்றீர்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான் எல்லாம். அப்பா இறந்த இரவு மெயில் வந்த நேரத்தை வைத்துத்தான் அம்மா இன்றும் திவசத்துக்குத் திதி சொல்கிறார். "மெயில் போய் ஒரு கோப்பி ஆறுகிற நேரம்" என்று. ஐயர் கேட்டுக்கொண்டு எழுதிக்கொள்கிறார். நாங்கள் அந்த ரயிலில் ஏறியது மொத்தம் இரண்டு தடவை. ஏறாதவனுக்கும் அதில் பங்கு இல்லையா?

சரி, தொண்ணூறு டன் வேண்டாம். கூரை போடக் காசில்லை, டீச்சர் கேட்ட பத்தாவது வருஷத்துக்கும் என்னிடம் பதில் இல்லை. முன் கேபின் மட்டும் வெட்டி எடுக்க முடியுமா? ஒரு அறைக்குள் வைக்கலாம். சுவரில் கேங்மேன்களின் படம், பக்கத்தில் தோட்டத்து ரயிலின் ஒரு தொட்டி. அண்ணன் சொன்னதும் வரட்டும்.

#12 பெசிபுருக்

கேபின் வெட்டலாம். கஷ்டமில்லை. நான் செய்ததில்லை, ஆனால் எங்கே வெட்டவேண்டும் என்று தெரியும். கதவுக்குப் பின்னால் ஒரு சட்டம் வரும், அதற்கு ஒரு முழம் தள்ளி. கண்ணாடி இருந்தால் முதலில் கழற்றவேண்டும், சூட்டில் வெடிக்கும். மூன்று நான்கு டன் இருக்கும், ஒரு கிரேன் லாரி போதும். டெண்டர் எடுத்தவனிடம் வெட்டுவதற்கு முன்னால் பேசவேண்டும், வெட்டிய பிறகு எல்லாமே கிலோதான். முன்னால் பேசினாலும் கிலோ விலைதான் கேட்பான், ஆனால் முழுசாகக் கொடுப்பான்.

அப்புறம், இதைச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன். அப்பா வெட்டிய ஒரு 22இலிருந்து ஹாரனை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள். எட்டாம் நம்பர் கொட்டகையில் தாம்புக்கயிற்றில் தொங்குகிறது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மாட்டினால் இன்றும் ஊதும். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜைக்கு ஊதுவோம். நாய்கள் எல்லாம் ஓடும்.

வாட்ஸ்அப்பில் போட்டால் சத்தம் கிழியும், ஆனாலும் பதிவு செய்து லயத்துப்பையனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

#13 டீச்சர்அக்கா

பெசிபுருக் தம்பி, நான்காம் பதிவில் "எனக்கு அது இரும்புதான்" என்று எழுதியது நீங்கள்தானே? சும்மா கேட்டேன்.

#14 கோப்பிக்கடை

ஹாரனை என் கடையில் மாட்டலாம். தே தாரிக் ரெடியானால் ஊதுகிறேன். (விளையாட்டுக்குச் சொன்னேன், பக்கத்துச் சீனக் கடைக்காரர் போலீஸைக் கூப்பிடுவார்.)

#15 லயத்துப்பையன்

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். அவருக்கு எண்பது ஆகப்போகிறது, ஒரு காது மந்தம். நல்ல காதில் போனை வைத்தேன். என்ன சத்தம் என்று சொல்லவில்லை.

முதல் தடவை ஒன்றும் பேசவில்லை. "இன்னொரு தடவை போடு" என்றார். போட்டேன். தலையை ஆட்டினார்.

"மெயில்தான். ஆனால் இது பாதிதான் இருக்கிறது" என்றார்.

நான் வாட்ஸ்அப் குறை என்று நினைத்தேன். இல்லையாம். "மேல் சத்தம் மட்டும் வருகிறது. கீழே ஒன்று கூடவே வரும், மாடு கத்துகிற மாதிரி. அது வந்தால்தான் மெயில்."

சாவிவளையம் ஐயா, இது சரியா?

#16 சாவிவளையம்

அம்மாவுக்கு என் வணக்கம். சரிதான். ஹாரன் ஜோடி. ஒன்று உயர்ந்த குரல், ஒன்று தாழ்ந்தது. நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால் ஒன்று, மறுபக்கம் தள்ளினால் மற்றது. லெவல் கிராஸிங் வந்தால் இரண்டையும் மாற்றி மாற்றி அடிப்போம். ரெங்கம் வளைவில் நான் தாழ்ந்ததைக் கொஞ்சம் நீட்டி விடுவேன், வீடு பக்கத்தில் இருக்கிறது, பயப்படக்கூடாதே என்று. மற்ற டிரைவர்களும் அப்படித்தான்.

பெசிபுருக் தம்பி, உன்னிடம் இருப்பது குட்டையா நெட்டையா? வாய் அகலம் எவ்வளவு?

#17 பெசிபுருக்

குட்டை. வாய் என் கை விரித்த அளவு. அடியில் திருகு போட்ட இடத்தில் பக்கத்திலேயே இன்னொரு திருகுக்கு ஓட்டை இருக்கிறது, இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், எதற்கு என்று யோசிக்கவே இல்லை.

நெட்டையை அப்பா மற்ற சாமானோடு போட்டிருப்பார். போயிருந்தால் போனதுதான். ஆனால் அந்தக் கொட்டகையில் பழைய பித்தளைச் சாக்கு மூன்று இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. சனிக்கிழமை பிரிக்கிறேன்.

#18 பாலுமரம்

சனிக்கிழமை நானும் வருகிறேன். எந்தக் கொட்டகை, வழி அனுப்புங்கள்.

#19 பெசிபுருக்

எட்டாம் நம்பர். கையுறை எடுத்து வாருங்கள், அண்ணே. உள்ளே பூரான் இருக்கும்.